ரெண்டு டிஸ்க் இருந்தும் ரீட் ஸ்பீட் ஏன் டபுள் ஆகல?

எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேசும்போது திரும்பத் திரும்ப வந்த சில வரிகள் மட்டும் நீக்கப்பட்டுள்ளன.

இந்த எபிசோட் முழுக்க ஒரே ஒரு கேள்விதான். ஒரே டேட்டா ரெண்டு டிஸ்க்ல அப்படியே காப்பியா இருக்கு. ஒரு ரீட் ரிக்வெஸ்ட் வருது. ஆப்பரேட்டிங் சிஸ்டம் அதை எந்த டிஸ்க்கிட்ட அனுப்பணும்?

கேட்க ரொம்ப சின்ன கேள்வி மாதிரி இருக்கும். "எது ஃப்ரீயா இருக்கோ அதுகிட்ட அனுப்பு, முடிஞ்சது" அப்படின்னு தோணும். ஆனா லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி ரெண்டுலயும் இந்த ஒரு முடிவை எடுக்கிற கோட் பல வருஷமா மாறிக்கிட்டே இருக்கு.

இதைப் பேசணும்னு முடிவு பண்ணினது ஒரு லிசனர் அனுப்பின மெசேஜால. அவர் வெடிங் போட்டோகிராஃபர். ஆபீஸ்ல ஒரு சின்ன லினக்ஸ் பாக்ஸ், அதுல ரெண்டு 4 டிபி ஹார்ட் டிஸ்க், மிரர் போட்டு வெச்சிருக்கார். அவர் கேட்டது: "ரெண்டு டிஸ்க்லயும் அதே டேட்டாதானே இருக்கு? பாதி இதுல இருந்து, பாதி அதுல இருந்து படிச்சா டபுள் ஸ்பீட் வரணுமே? ஒரு டிஸ்க் ஸ்பீட்தான் வருது. பேசாம மிரரை எடுத்துட்டு ரெய்டு 0 போட்டுடவா?"

அந்தக் கடைசி வரியைப் பார்த்ததும் கொஞ்சம் பதறிட்டேன். ரெய்டு 0-ல டேட்டாவை ரெண்டா வெட்டி பாதி பாதியா வைக்கும். காப்பி கிடையாது. ஒரு டிஸ்க் போச்சுன்னா மொத்தமும் போச்சு. அது வேற யாரோட கல்யாண போட்டோவோ. முகூர்த்தத்தை ரீடேக் எடுக்க முடியாதுங்க. அதனால அவருக்கு உடனே "எதையும் மாத்தாதீங்க, எபிசோட் வரட்டும்"னு ரிப்ளை பண்ணிட்டேன். இனி விஷயத்துக்கு வரலாம்.

மிரர்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு நிமிஷம். 1988-ல கலிஃபோர்னியாவில இருக்கிற பெர்க்லி யுனிவர்சிட்டியிலிருந்து டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூணு பேரும் ஒரு பேப்பர் வெளியிட்டாங்க. ரெய்டுங்கிற பேர் அதுல இருந்துதான் பிரபலமாச்சு. அதுல லெவல் 1 தான் மிரர். எழுதுறது எல்லாம் ரெண்டு டிஸ்க்லயும் எழுதணும். படிக்கிறதுக்கு ஏதாவது ஒண்ணு போதும். அந்த "ஏதாவது ஒண்ணு"ங்கிற வார்த்தைக்குள்ளதான் இன்னைக்கு நம்ம கதை முழுக்க இருக்கு.

ரெண்டு ஜெராக்ஸ் கடை

உங்க காலேஜ் வாசலை ஞாபகப்படுத்திக்கோங்க. செமஸ்டர் எக்ஸாமுக்கு முந்தின நாள். பக்கத்து பக்கத்துல ரெண்டு ஜெராக்ஸ் கடை. ரெண்டு கடையிலயும் அதே சீனியர் நோட்ஸ் இருக்கு, பக்கத்துக்குப் பக்கம் ஒண்ணு போல. நீங்க ஏதோ சில பக்கம் காப்பி எடுக்கணும். எந்தக் கடைக்குப் போவீங்க?

முதல் வழி, ரோல் நம்பர். ஒற்றைப்படைன்னா இந்தக் கடை, இரட்டைப்படைன்னா அந்தக் கடை. யோசிக்கவே வேண்டாம். லினக்ஸ்ல பட்டர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் ரொம்ப வருஷமா செய்றது கிட்டத்தட்ட இதேதான். எந்த ப்ராசஸ் படிக்குதோ அதோட பிஐடி நம்பரை காப்பிகளோட எண்ணிக்கையால வகுத்து, மீதி என்னவோ அந்த டிஸ்க். நூத்துக்கணக்கான ப்ராசஸ் படிக்கிற சர்வர்ல இது ஓரளவு சமமா பிரிஞ்சிடும். ஆனா வீட்டுல நீங்க ஒரே ஒரு பேக்கப் ஓட்டுறீங்கன்னா? ஒரே பிஐடி, ஒரே டிஸ்க். இன்னொண்ணு ஈ ஓட்டிக்கிட்டு இருக்கும். ரெண்டு பேக்கப் ஓட்டினா கூட, ரெண்டுக்கும் இரட்டைப்படை பிஐடி அமைஞ்சதுன்னா ரெண்டும் ஒரே டிஸ்க்ல போய் முட்டிக்கும். 2025-ல வந்த லினக்ஸ் 6.14-லதான் ரவுண்ட் ராபின் மாதிரி வேற பாலிசிகள் இதுக்கு வந்துச்சு, அதுவும் சோதனை நிலைன்னு லேபிள் ஒட்டி.

ரெண்டாவது வழி, பக்க எண். முதல் 20 பக்கம் இந்தக் கடையில, அடுத்த 20 பக்கம் அந்தக் கடையில, மறுபடி இந்தக் கடை. இசட்எஃப்எஸ் ஆரம்பத்துல செஞ்சது இது. டிஸ்க்ல எந்த இடத்துல இருந்து படிக்கணும்ங்கிற ஆஃப்செட்டை 2 எம்பி துண்டுகளா வெட்டி, ஒரு துண்டு இதுக்கு, அடுத்த துண்டு அதுக்கு. பார்க்க நியாயமா இருக்கு இல்ல? ஆனா ஒரு கடையில பழைய மெஷின், பேப்பர் மாட்டி மாட்டி நிக்குது. இன்னொரு கடையில புது மெஷின், பட் பட்னு வருதுன்னா? அப்பவும் பாதி பேர் பழைய மெஷின் முன்னாடிதான் நிக்கணும். இந்த முறைக்கு கூட்டமும் தெரியாது, மெஷினும் தெரியாது.

மூணாவது வழி, க்யூ எங்க கம்மியோ அங்க. நம்ம எல்லாரும் இயல்பா செய்றது. டோல் பிளாசாவுலயும் இதேதான் செய்வோம், அப்புறம் நம்ம லேன்லதான் ஒருத்தருக்கு ஃபாஸ்டாக் ஸ்கேன் ஆகாம நிக்கும். அது தனி சோகம்.

நாலாவது வழிதான் சுவாரஸ்யமானது. கடைக்கார அண்ணன் இப்பதான் 120-ஆம் பக்கத்தை காப்பி எடுத்து முடிச்சிருக்கார், நோட்டு மெஷின் மேல திறந்தே இருக்கு. உங்களுக்கு வேண்டியது 121. க்யூல ஒருத்தர் கூட இருந்தாலும் அவர்கிட்ட போறதுதான் வேகம். பக்கத்துக் கடையில ஆளே இல்லைன்னாலும், அங்க நோட்டைத் தேடி எடுத்து 121-ஆம் பக்கத்தைப் புரட்டிக் கண்டுபிடிக்கணும்.

ஹார்ட் டிஸ்க்ல இந்தப் புரட்டுற நேரம் இருக்கே, அதுதான் எல்லாத்தையும் தீர்மானிக்குது.

சுத்துற தட்டும் 8.33 மில்லி செகண்டும்

ஒரு 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் எடுத்துக்கலாம். நிமிஷத்துக்கு 7200 சுற்று, அதாவது செகண்டுக்கு 120. ஒரு சுற்றுக்கு 8.33 மில்லி செகண்ட். ஹெட் சரியான ட்ராக்குக்குப் போன பிறகும், நமக்கு வேண்டிய இடம் ஹெட்டுக்குக் கீழே வர சராசரியா அரை சுற்று காத்திருக்கணும், 4.17 மில்லி செகண்ட். ஹெட் ட்ராக் மாறுற நேரம் சராசரியா ஒரு 8, 9 மில்லி செகண்ட். ரெண்டையும் கூட்டினா ஒரு ரேண்டம் ரீடுக்கு 12, 13 மில்லி செகண்ட். செகண்டுக்கு சுமார் 80 ரீட்தான் முடியும். கோர் ஐ9 போட்டாலும் அதே 80தான், தட்டு சுத்துற வேகம் மாறாது.

இப்ப மிரருக்கு வாங்க. நூறு ரேண்டம் ரீட் ஒரே நேரத்துல வருதுன்னா, பாதி பாதியா பிரிச்சுக் கொடுத்தா 80, 160 ஆகும். இங்க மிரர் உண்மையிலேயே டபுள் கொடுக்கும். ரெண்டு பேர் ரெண்டு வேற ஃபைலை ஒரே நேரத்துல படிச்சாலும் அப்படித்தான். ஒருத்தருக்கு ஒரு டிஸ்க், ஹெட் இங்கயும் அங்கயும் ஓட வேண்டாம். சொல்லப்போனா இந்த கேஸ்ல டபுளை விட அதிகமாவே கிடைக்கலாம். ஏன்னா ஒரே டிஸ்க்ல ரெண்டு ஃபைலையும் மாத்தி மாத்தி படிச்சிருந்தா சீக்லயே பாதி நேரம் போயிருக்கும்.

ஆனா நம்ம போட்டோகிராஃபர் டெஸ்ட் பண்ணது அது இல்லை. அவர் பண்ணது ஒரே ஒரு பெரிய வீடியோ ஃபைலை ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் படிச்சது. இங்கதான் எல்லாருக்கும் ஆச்சரியம் வரும்.

ஃபைலை 64 கேபி துண்டுகளா மாத்தி மாத்தி ரெண்டு டிஸ்க்குக்கும் கொடுக்கறோம்னு வெச்சுக்கோங்க. முதல் டிஸ்க் 1, 3, 5-ஆம் துண்டு. ரெண்டாவது டிஸ்க் 2, 4, 6. இப்ப முதல் டிஸ்க் 1-ஐ படிச்சிட்டு 3-க்குப் போகணும். நடுவுல 2 இருக்கு. அது நமக்கு வேண்டாம். ஆனா அது தட்டு மேல, அதே ட்ராக்ல, 1-க்கும் 3-க்கும் நடுவுல உட்கார்ந்திருக்கு. ஹெட் நகர முடியாது, தட்டு சுத்தி 2-ஐக் கடந்து போற வரைக்கும் காத்திருக்கணும். அந்தக் காத்திருக்கிற நேரம் எவ்வளவு? 2-ஐ படிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அதே நேரம்.

அப்போ ரெண்டு டிஸ்க்கும் பாதி நேரம் படிக்குது, பாதி நேரம் வேடிக்கை பார்க்குது. 200 எம்பி வேகத்துல படிக்கக்கூடிய டிஸ்க் ஒவ்வொண்ணும் 100 எம்பி கொடுக்குது. கூட்டினா 200. ஒரே டிஸ்க்ல படிச்சிருந்தாலும் 200. ரெண்டு டிஸ்க்கையும் வேலை வாங்கி, கரண்ட் செலவு பண்ணி, அதே இடத்துக்கு வந்து நிக்கிறோம்.

துண்டைப் பெருசாக்கினா? கணக்கு போட்டுப் பார்க்கலாம். 200 எம்பி வேகம், 8.33 மில்லி செகண்ட் சுற்று, அப்போ ஒரு சுற்றுல சுமார் 1.67 எம்பி. துண்டு 16 எம்பின்னு வெச்சா, நடுவுல தாண்ட வேண்டியது பத்து சுற்று அளவு டேட்டா. இப்ப காத்திருக்கத் தேவையில்லை, ஹெட்டையே நகர்த்திடலாம். பக்கத்து ட்ராக்குக்குத்தான் போகுதுங்கறதால ஒரு 5, 6 மில்லி செகண்ட்ல முடிஞ்சிடும். 16 எம்பி படிக்க 80 மில்லி செகண்ட், தாண்ட 6. ரெண்டு டிஸ்க் சேர்த்து 370 எம்பி கிட்ட வரும். சூப்பர், இல்ல?

ஆனா இதுக்கு ரெண்டு டிஸ்க்கும் ஒரே நேரத்துல வேலை செய்யணும். அதாவது அப்ளிகேஷன் கேக்கறதுக்கு முன்னாடியே ஆப்பரேட்டிங் சிஸ்டம் 32 எம்பியை முன்கூட்டியே கேட்டு வெச்சிருக்கணும். லினக்ஸ்ல ரீட்-அஹெட் வழக்கமான டீஃபால்ட் 128 கேபி. கிலோபைட். அந்த ஜன்னல் வழியா பார்த்தா ரெண்டாவது டிஸ்க்குக்குக் கொடுக்க வேலையே தெரியாது.

அதனால லினக்ஸோட சாஃப்ட்வேர் ரெய்டு, எம்டின்னு சொல்வாங்க, இந்த ஆட்டத்துக்கே போறதில்லை. அதுல ரீட் பேலன்ஸ்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு. வந்திருக்கிற ரிக்வெஸ்ட், ஒரு டிஸ்க் கடைசியா முடிச்ச இடத்துல இருந்து தொடருதான்னு பார்க்கும். தொடர்ந்தா அதே டிஸ்க், நோட்டைத் திறந்து வெச்சிருக்கிற அண்ணன். இல்லைன்னா, சும்மா இருக்கிற டிஸ்க் உண்டான்னு பார்க்கும். எல்லாமே பிசின்னா, ஹெட் எந்த டிஸ்க்ல கிட்ட இருக்கோ அது. இந்த "ஹெட் இருக்கிற இடம்" ஒரு யூகம்தான். கடைசி ரிக்வெஸ்ட் முடிஞ்ச செக்டர் நம்பரை வெச்சு கணக்கு போடுது. டிஸ்க்குக்குள்ள ஹெட் நிஜமா எங்க இருக்குன்னு டிஸ்க் நமக்குச் சொல்றதே இல்லை.

ஆக, ஒரு ஃபைல், ஒரு ஆள், ஹார்ட் டிஸ்க் மிரர்: ஒரு டிஸ்க் ஸ்பீட்தான் வரும். பிழை எதுவும் இல்லை.

போட்டோகிராஃபருக்கு என்ன பதில்?

அவர்கிட்ட முதல்ல கேட்டேன், அந்த பாக்ஸை எப்படி ஆக்சஸ் பண்றீங்கன்னு. லேன் கேபிள்ல, சாதாரண கிகாபிட். அங்கயே பாதி கேள்வி முடிஞ்சு போச்சு. கிகாபிட்னா செகண்டுக்கு 1000 மெகாபிட், எட்டால வகுத்தா 125 எம்பி, பாக்கெட் ஓவர்ஹெட் எல்லாம் போக 110 சொச்சம். அவரோட ஒரு டிஸ்க்கே அந்த கேபிளை விட வேகம். ரெய்டு 0 போட்டு டிஸ்க் ஸ்பீடை 400 ஆக்கினாலும் எடிட்டிங் மெஷினுக்கு வர்றது அதே 110தான். தண்ணி டேங்கைப் பெருசாக்கிட்டு பைப்பை மாத்தாத மாதிரி. எல்லா போட்டோவையும் பணயம் வெச்சு அவருக்குக் கிடைக்கப் போறது பூஜ்ஜியம்.

சரி, நாளைக்கு அவர் 10 கிகாபிட்டுக்கு மாறினார்னு வெச்சுக்கலாம். அப்பவும் ரெய்டு 0 வேண்டாம். லினக்ஸ் எம்டியில ரொம்ப பேருக்குத் தெரியாத ஒரு பொக்கிஷம் இருக்கு: ரெய்டு 10, ஃபார் லேஅவுட். ரெய்டு 10-க்கு நாலு டிஸ்க் வேணும்னுதான் எல்லாரும் படிச்சிருப்போம். லினக்ஸ்ல ரெண்டு டிஸ்க்லயே போடலாம்.

இது என்ன பண்ணும்னா, ரெண்டு டிஸ்க்கோட முதல் பாதியிலயும் டேட்டாவை ரெய்டு 0 மாதிரி பிரிச்சு அடுக்கும். துண்டு 1 முதல் டிஸ்க்ல, 2 ரெண்டாவதுல, 3 முதலாவதுல. அப்புறம் ரெண்டாவது பாதியில அதே டேட்டாவோட காப்பியை டிஸ்க்கை மாத்தி வைக்கும். ஒரு டிஸ்க் செத்தாலும் எல்லா துண்டும் இன்னொண்ணுல இருக்கும். மிரரோட பாதுகாப்பு அப்படியே இருக்கு.

ஆனா படிக்கும்போது பாருங்க. முதல் டிஸ்க்ல 1-க்கு அடுத்து இருக்கிறது 3. நடுவுல 2 இல்லவே இல்லை. தாண்ட ஒண்ணுமில்லை, காத்திருக்க ஒண்ணுமில்லை. தட்டு சுத்த சுத்த எல்லாமே வேண்டிய டேட்டா. ஒரே ஃபைலை ஒரே ஆள் படிச்சாலும் ரெண்டு டிஸ்க் ஸ்பீட். முதல் காப்பி டிஸ்க்கோட வெளிப்பக்க ட்ராக்குகள்ல இருக்கறதால இன்னொரு லாபமும் உண்டு. வெளி ட்ராக்ல ஒரு சுற்றுக்கு அதிக டேட்டா, அதனால அங்க ஸ்பீடும் அதிகம்.

விலை? எழுதும்போது கொடுக்கணும். ஒவ்வொரு துண்டையும் ஒரு டிஸ்க்கோட முன்பாதியிலயும் இன்னொரு டிஸ்க்கோட பின்பாதியிலயும் எழுதணும். ஹெட் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடும். ஒரு தடவை எழுதி பத்து தடவை படிக்கிற போட்டோ ஆர்க்கைவுக்கு இது நல்ல பேரம். நாள் முழுக்க எழுதிக்கிட்டே இருக்கிற சிசிடிவி ரெக்கார்டருக்கு இதைப் போடாதீங்க. மாத்தணும்னா டேட்டாவை வேற இடத்துல பேக்கப் எடுத்துட்டு, புதுசா அரே உருவாக்கி, திரும்பக் கொட்டணும். ஒரு வீக்கெண்ட் போகும்.

இன்னொண்ணு, டெஸ்ட் பண்ற முறை. புதுசா மிரர் உருவாக்கின உடனே எம்டி பின்னாடி ரெண்டு டிஸ்க்கையும் ஒண்ணாக்க ஆரம்பிக்கும். அந்த வேலை இன்னும் எட்டாத பகுதியைப் படிச்சீங்கன்னா, எம்டி முதல் டிஸ்க்ல இருந்து மட்டும்தான் கொடுக்கும். ஏன்னா ரெண்டாவதுல இருக்கிறது அதே டேட்டாதானான்னு அதுக்கு இன்னும் உறுதியா தெரியாது. 4 டிபியை 150 எம்பி வேகத்துல சிங்க் பண்ண ஏழரை மணி நேரம் கிட்ட ஆகும். அதுக்குள்ள ஸ்பீட் டெஸ்ட் போட்டுட்டு திட்டக் கூடாது. அதே மாதிரி ஒரே ஃபைலை ரெண்டாவது தடவை படிச்சா அது ரேம்ல இருக்கிற பேஜ் கேஷ்ல இருந்து வரும், டிஸ்க்கைத் தொடவே தொடாது. செகண்டுக்கு பல ஜிபி காட்டுச்சுன்னா சந்தோஷப்படாதீங்க, அது உங்க ரேமோட ஸ்பீட். டெஸ்ட் ஓடும்போது பக்கத்துல ஐஓஸ்டாட் திறந்து வெச்சு எந்த டிஸ்க்ல எவ்வளவு ரீட் போகுதுன்னு கண்ணால பாருங்க.

எஸ்எஸ்டி வந்ததும் கதையே மாறுது

மேல சொன்ன எல்லாத்துக்கும் அடிப்படை ஒண்ணுதான்: தட்டு சுத்துது, ஹெட் நகருது. எஸ்எஸ்டியில ரெண்டுமே இல்லை. "ஹெட் கிட்ட இருக்கிற டிஸ்க்"ங்கிற கேள்வியே அங்க அர்த்தமில்லாதது. ஆனா பழைய கோட் அதையே கேட்டுக்கிட்டு இருந்துச்சு.

2012-ல, லினக்ஸ் 3.6 சமயத்துல இது திருத்தப்பட்டது. அரேல ஒரு எஸ்எஸ்டி இருந்தாலும் போதும், தூரத்தைப் பார்க்காதே, யார்கிட்ட பாக்கி ரிக்வெஸ்ட் கம்மியோ அவங்ககிட்ட கொடு. தொடர்ச்சியா படிக்கும்போதும், ஒரு எஸ்எஸ்டிக்கு ஏத்த அளவுக்கு மேல ரிக்வெஸ்ட் நீண்டு போனா, சும்மா இருக்கிற இன்னொரு எஸ்எஸ்டிக்கு மாறிக்கோ. அங்க நடுவுல தாண்டுறதுக்கு விலை இல்லையே.

எனக்கு அந்த கோட்ல ரொம்பப் பிடிச்சது ஒரு கமெண்ட். ஒரு எஸ்எஸ்டி, ஒரு ஹார்ட் டிஸ்க் கலந்து மிரர் போட்டா இந்த முறை சரியாவும் இருக்கலாம், சரியில்லாமலும் போகலாம், வர்ற வேலையைப் பொறுத்ததுன்னு அவங்களே எழுதி வெச்சிருக்காங்க. நேர்மையான இன்ஜினியரிங்.

அந்தக் கலப்பு கேஸை அழகா கையாண்டது ஃப்ரீபிஎஸ்டி பக்கம். 2013 அக்டோபர்ல இசட்எஃப்எஸ் மிரருக்கு ஒரு மாற்றம் உள்ள வந்துச்சு. பிறகு லினக்ஸ்ல ஓடுற இசட்எஃப்எஸ்ஸும் அதை எடுத்துக்கிச்சு. பக்க எண் பார்த்து கடைக்கு அனுப்புற பழைய முறை போய், ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு ஸ்கோர் போட ஆரம்பிச்சாங்க. ஸ்கோர் கம்மியா இருக்கிற டிஸ்க் ஜெயிக்கும்.

ஸ்கோர் போடுறது ரொம்ப எளிமை. முதல்ல க்யூல எத்தனை ரிக்வெஸ்ட் இருக்கோ அந்த எண். அதோட ஒரு அபராதம். ஹார்ட் டிஸ்க்ல, புது ரிக்வெஸ்ட் முந்தினதோட தொடர்ச்சின்னா அபராதம் 0. தொடர்ச்சி இல்லை, ஆனா 1 எம்பிக்குள்ள இருக்குன்னா பாதி அபராதம். அதுக்கும் மேல தள்ளின்னா 5. எஸ்எஸ்டியில தொடர்ச்சின்னா 0, இல்லைன்னா 1. இவை டீஃபால்ட் எண்கள், வேணும்னா நீங்க மாத்திக்கலாம்.

போட்டுப் பார்க்கலாம். ரெண்டு ஹார்ட் டிஸ்க், ரெண்டு பேர் க்யூலயும் 3 ரிக்வெஸ்ட். புதுசா வர்றது முதல் டிஸ்க் விட்ட இடத்துல இருந்து தொடருது. முதல் டிஸ்க் 3 + 0 = 3. ரெண்டாவது 3 + 5 = 8. முதலாவது ஜெயிக்குது. ஆனா முதல் டிஸ்க்ல கூட்டம் சேர்ந்து 9 ஆயிடுச்சுன்னா, ரெண்டாவது டிஸ்க் 8-லயே நிக்குது, அதுக்குப் போகும். நோட்டு திறந்து இருக்குங்கிறதுக்காக பத்து பேர் க்யூல நிக்க மாட்டோம் இல்ல, அதேதான்.

இப்ப எஸ்எஸ்டியும் ஹார்ட் டிஸ்க்கும். எஸ்எஸ்டி க்யூல 3 பேர், ஹார்ட் டிஸ்க் காலி. ரேண்டம் ரீட் வருது. எஸ்எஸ்டி 3 + 1 = 4. ஹார்ட் டிஸ்க் 0 + 5 = 5. காலியா இருந்தாலும் ஹார்ட் டிஸ்க்குக்கு வேலை போகாது. எஸ்எஸ்டி க்யூ 5-ஐத் தொட்டா 6 ஆகும், அப்ப ஹார்ட் டிஸ்க் ஜெயிக்கும். இது அந்தப் பழைய மெஷின் வெச்சிருக்கிற ஜெராக்ஸ் கடையோட நிலைமை.

ஸ்கோர் சமமா வந்தா? எப்பவும் முதல் டிஸ்க்கையே எடுத்தா அது மட்டும் தேஞ்சுக்கிட்டே போகும்ங்கிறதால, அப்ப மட்டும் பழைய ஆஃப்செட் முறையை டாஸ் போடுற மாதிரி பயன்படுத்துறாங்க. பழைய ஐடியாவைத் தூக்கிப் போடாம, அதுக்குப் பொருத்தமான சின்ன வேலையைக் கொடுத்திருக்காங்க.

இதைப் பெருசா பண்ணினவங்க

டிஸ்கார்ட் எல்லாருக்கும் தெரியும். அவங்க மெசேஜ் டேட்டாபேஸ் ஓடுறது கூகுள் க்ளவுட்ல. அங்க ரெண்டு வகை டிஸ்க் கிடைக்கும். ஒண்ணு, சர்வரோட ஒட்டியே இருக்கிற லோக்கல் என்விஎம்இ எஸ்எஸ்டி. செம வேகம், ஆனா அந்த மெஷினுக்கு ஏதாவது ஆச்சுன்னா டேட்டா கோவிந்தா. இன்னொண்ணு, நெட்வொர்க் வழியா வர்ற பெர்சிஸ்டன்ட் டிஸ்க். பத்திரம், ஸ்னாப்ஷாட் எடுக்கலாம், ஆனா ஒவ்வொரு ரீடுக்கும் நெட்வொர்க் தாண்டிப் போய் வரணும்.

2022-ல அவங்க விவரமா எழுதின தீர்வு, சாதாரண எம்டி மிரர்தான். பல லோக்கல் எஸ்எஸ்டிகளை ரெய்டு 0-வா சேர்த்து ஒரு பக்கம், பெர்சிஸ்டன்ட் டிஸ்க் மறுபக்கம், ரெண்டுக்கும் நடுவுல ரெய்டு 1. பெர்சிஸ்டன்ட் டிஸ்க் மேல ரைட்-மோஸ்ட்லின்னு ஒரு கொடியை நட்டுட்டாங்க. அர்த்தம்: இதுல எழுது, ஆனா வேற வழி இருக்கிற வரைக்கும் இதுல இருந்து படிக்காதே. எழுதுறது ரெண்டு பக்கமும் போகும். படிக்கிறது எல்லாம் லோக்கல் எஸ்எஸ்டியில. லோக்கல் பக்கம் ஒரு செக்டர் கெட்டுப் போய் ரீட் ஃபெயில் ஆனா, எம்டி சத்தமில்லாம இன்னொரு காப்பியில இருந்து எடுத்துக் கொடுத்துடும்.

மேல இருக்கிற ரெய்டு 0-ஐ கவனிச்சீங்களா? போட்டோகிராஃபருக்கு வேண்டாம்னு சொன்ன அதே ரெய்டு 0. இங்க அது தப்பில்லை, ஏன்னா முழு காப்பி இன்னொரு பக்கம் இருக்கு. வீட்டுல ஒரு எஸ்எஸ்டியையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கையும் எம்டியில மிரர் போட நினைக்கிறவங்களுக்கும் இதே கொடிதான் வழி. ஹார்ட் டிஸ்க்கை ரைட்-மோஸ்ட்லி ஆக்கிடுங்க. எழுதுற வேகம் மட்டும் ஹார்ட் டிஸ்க் வேகத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் இருக்கும், அதுல அதிசயம் எதிர்பார்க்காதீங்க.

கடைசியா ஒரு விஷயம், இது ஸ்பீடை விட முக்கியம்னு நான் நினைக்கிறேன். ரீட் பேலன்ஸிங் எவ்வளவு புத்திசாலியா இருக்கோ, அவ்வளவுக்கு சில டிஸ்க்குகளோட சில பகுதிகள் மாசக்கணக்கா படிக்கப்படாமலே கிடக்கும். ரைட்-மோஸ்ட்லி டிஸ்க்கை யாருமே படிக்கிறதில்லை. அங்க ஒரு செக்டர் கெட்டுப் போயிருந்தா உங்களுக்கு எப்ப தெரியும்? நல்ல டிஸ்க் செத்து, எல்லாத்தையும் இதுல இருந்துதான் எடுக்கணும்ங்கிற அன்னைக்கு. அதனாலதான் மொத்த அரேயையும் அப்பப்ப முழுசா படிச்சு சரிபார்க்கணும். டெபியன்ல எம்டிக்கு மாசத்தோட முதல் ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில இது தானா ஓடுற மாதிரி வெச்சிருக்காங்க. "ஞாயித்துக்கிழமை அதிகாலையில என் சர்வர் ஏன் கறகறன்னு சத்தம் போடுது"ன்னு கேட்டவங்களுக்கு பதில் அதுதான், ஆஃப் பண்ணாதீங்க. இசட்எஃப்எஸ்ல ஸ்க்ரப்னு தனி கமாண்ட். ரெண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ரெண்டு காப்பியும் வேற வேற மாதிரி இருந்தா, இசட்எஃப்எஸ்கிட்ட செக்சம் இருக்கறதால எது சரின்னு அதுக்குத் தெரியும், தப்பானதைத் திருத்திடும். எம்டிக்கு ரெண்டும் ஒத்துப் போகலைன்னு மட்டும்தான் தெரியும், யார் சொல்றது உண்மைன்னு தெரியாது.

அந்த செக்சம் எப்படி வேலை செய்யுதுன்னு அடுத்த எபிசோட்ல பேசலாம். போட்டோகிராஃபர் நண்பர் மிரரை அப்படியே வெச்சுக்கிட்டு, 2.5 கிகாபிட் ஸ்விட்ச் விலை பார்த்துக்கிட்டு இருக்கார்.